டீ ஆறுவதற்குள் சோதனை முடிய வேண்டும்

குலசேகரம் சந்திப்பில், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். நான்கு பேர், நான்கு மடிக்கணினி, மூலையில் ஒரு பழைய மேசைக்கணினி, ஓர் இன்வெர்ட்டர். ரப்பர் பால் வாங்கும் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். காலையில் யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார், அதன் டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) எவ்வளவு, அன்றைய விலை என்ன, வாங்கிய முன்பணம் போகக் கையில் தர வேண்டியது எவ்வளவு, இவ்வளவுதான் அதன் வேலை. ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதியது, பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்.

அதற்கு 1,140 தானியங்கிச் சோதனைகள் வைத்திருந்தோம். எல்லாம் ஓடி முடிய 22 நிமிடம் 40 விநாடி ஆனது. சோதனையைத் தொடங்கிவிட்டுக் கீழே இறங்கினால் டீயும் ரசவடையும் முடித்து, மட்டிப்பழம் ஒரு சீப்பு விலைபேசி வாங்கிக்கொண்டு மாடி ஏறலாம். அது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நேரம் பிடிக்கும் சோதனையை நாளுக்குப் பத்து முறை யாரும் ஓட்ட மாட்டார்கள். மாலையில் ஒரு முறை என்று குறைந்தது, பிறகு சர்வருக்கு அனுப்பும் முன் மட்டும் என்று ஆனது, கடைசியில் ‘சின்ன மாற்றம்தானே’ என்று அதுவும் நின்றது.

அப்படிப்பட்ட சின்ன மாற்றம் ஒன்று, அருமனைப் பக்கத்துக் கடை ஒன்றில் ஒரு முதியவரின் முன்பணத்தை இரண்டு முறை கழித்துவிட்டது. அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போன வாரமே பிடித்துவிட்டீர்களே” என்று மட்டும் சொன்னாராம். அந்தத் தவறைப் பிடிக்கும் சோதனை எங்களிடம் இருந்தது. யாரும் ஓட்டவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் புதிய வசதி எதையும் எழுதாமல் சோதனைகளை மட்டும் வேகப்படுத்தினேன். இப்போது 1 நிமிடம் 5 விநாடி. புதுக் கணினி வாங்கவில்லை. செய்த வரிசையிலேயே சொல்கிறேன். நீங்கள் ரெயில்ஸ், லாராவெல் போன்ற வேறு கட்டமைப்பில் எழுதுபவராக இருந்தால் பெயர்கள் மாறும், நோய் அதேதான்.

முதலில் நேரத்தை அளந்து பாருங்கள்

தரவுத்தளம்தான் மெதுவாக ஓடுகிறது என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது. அந்த ஊகத்தை நம்பி ஒரு நாள் முழுக்க வினவல்களைச் சீர்செய்தேன். மிச்சமானது 20 விநாடி. இந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

சோதனைகளை ஓட்டப் பைடெஸ்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘டியூரேஷன்ஸ்’ என்ற விருப்பத்தோடு 40 என்று கொடுத்து ஓட்டுங்கள். மிக மெதுவான 40 இடங்களைக் கடைசியில் பட்டியலிடும். ஜாங்கோவின் சொந்தச் சோதனை ஓட்டியிலும் இதே பெயரில் இந்த வசதி 5.0 பதிப்பிலிருந்து உண்டு. அதற்கு பைத்தான் 3.12 வேண்டும். ரூபியின் ஆர்ஸ்பெக்கில் ‘புரொஃபைல்’ என்று கேட்க வேண்டும்.

பைடெஸ்டின் பட்டியலில் ஒரு நுட்பம் இருக்கிறது. சோதனைக்கான ஆயத்தம், சோதனை, பிறகு துடைத்து எடுத்துவைப்பது என்று மூன்றின் நேரத்தையும் அது தனித்தனியே காட்டும். எங்கள் பட்டியலின் உச்சியில் பிரவுசர் சோதனைகள் இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். அவற்றுக்குக் கீழே வரிவரியாக ஆயத்தம், ஆயத்தம், ஆயத்தம். சோதிப்பதற்கு மில்லிவிநாடிகள், சோதிக்கத் தயாராவதற்கு அரை விநாடி. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, தாலி கட்டிய மறுநொடி பந்தலைப் பிரித்து, அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி குழி தோண்டியதுபோல.

அந்த ஆயத்தத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, ஒரே ஒரு சோதனைக் கோப்பை மட்டும் பைத்தானோடு வரும் சிபுரொஃபைல் கருவியின் கீழ் ஓட்டினேன். பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் கணக்கு எழுதினேன். பிரவுசர் சோதனைகள் ஆறரை நிமிடம். கடவுச்சொல் ஐந்து நிமிடத்துக்கு மேல். மாதிரித் தரவு உருவாக்குவது நான்கு நிமிடம். மைக்ரேஷன், அதாவது தரவுத்தள அட்டவணைகளைப் படிப்படியாக அமைக்கும் நிரல்கள், 70 விநாடி. மீதி சில்லறை. எங்கள் சொந்த நிரல், அதாவது உண்மையில் சோதிக்கப்பட வேண்டியது, இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை.

கடவுச்சொல் என்னும் கள்ளன்

கடவுச்சொல் ஐந்து நிமிடம் தின்றது என்றதும் நண்பர்கள் நம்பவில்லை. காரணம் எளிது. கடவுச்சொல்லை யாரும் ஊகித்துப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, அதை மறைகுறியாக மாற்றும் கணக்கு வேண்டுமென்றே மெதுவாக வடிவமைக்கப்பட்டது. ஜாங்கோ இயல்பாகப் பயன்படுத்தும் பிபிகேடிஎஃப்2 முறையில் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஜாங்கோ 3.2 பதிப்பில் 2,60,000 முறை. 4.2 பதிப்பில் 6,00,000 முறை. 5.2 பதிப்பில் 10 லட்சம் முறை. நாங்கள் 3.2-இலிருந்து 4.2-க்கு மாறிய மாதத்தில்தான் சோதனைகள் மந்தமாயின. அப்போது பழியைத் தூக்கி இணைய இணைப்பின்மேல் போட்டிருந்தோம்.

எங்களிடம் ஏறத்தாழ 700 சோதனைகள் ஒரு பயனரை உருவாக்கி, அவரை உள்நுழையச் செய்தன. உருவாக்கும்போது ஒரு முறை, உள்நுழையும்போது சரிபார்க்க இன்னொரு முறை. ஒவ்வொன்றும் என் கணினியில் ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குச் சற்று மேல். பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து இரண்டு. சோதனைக்கென்று தனி செட்டிங்ஸ் கோப்பு வைத்து, அதில் கடவுச்சொல் மறைகுறியாக்கிகளின் பட்டியலில் வேகமான, பாதுகாப்புக் குறைந்த எம்டி5 ஒன்றை மட்டும் வைத்திருங்கள். இரண்டாவது, உள்நுழைவையே சோதிக்காத இடங்களில் எல்லாம் ‘லாகின்’ அழைப்பை ‘ஃபோர்ஸ்லாகின்’ ஆக மாற்றுங்கள். அது கடவுச்சொல்லைப் பார்க்காமலேயே பயனரை உள்ளே விடும். ரெயில்ஸில் உள்நுழைவுக்கு டிவைஸ் பயன்படுத்துபவர்கள் சோதனையில் ‘ஸ்ட்ரெச்சஸ்’ 1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். லாராவெலில் பிகிரிப்ட் சுற்றுகளைப் பிஹெச்பியூனிட் கோப்பிலேயே 4 என்று குறைத்துத்தான் தருகிறார்கள். யாராவது அழித்திருந்தால் திரும்ப எழுதுங்கள்.

எம்டி5 உண்மையான சர்வருக்குப் போய்விட்டால் பெரிய ஆபத்து. எனவே சர்வர் எழும்போது மறைகுறியாக்கியின் பெயரைப் பார்த்து, எம்டி5 என்றால் எழ மறுக்கும்படி இரண்டு வரி எழுதிவைத்தேன். மொத்தம் அரை மணி நேர வேலை. ஐந்து நிமிடம் மிச்சம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு ரசீது கேட்டால் ஓர் ஊரே வந்தது

மாதிரித் தரவு உருவாக்க ஃபேக்டரிபாய் வைத்திருந்தோம். நல்ல கருவி. ஆனால் ரசீது ஒன்று வேண்டும் என்றால் அதற்குப் பால் கொண்டுவந்தவர் வேண்டும், அவருக்குக் கடை, கடைக்கு உரிமையாளர், உரிமையாளருக்குப் பயனர், கடைக்கு ஒரு வாரத்து விலைப்பட்டியல் என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக வந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒரு ரசீதுக்கு 14 வரிகள் தரவுத்தளத்தில் விழுந்தன. அதில் ரசீதின் தேதியை மட்டும் சோதிக்கும் சோதனைகளும் உண்டு.

தரவுத்தளத்தில் சேமிக்கத் தேவையில்லாத இடங்களில் ‘கிரியேட்’ என்பதை ‘பில்ட்’ ஆக மாற்றினேன். பொருள் நினைவகத்தில் உருவாகும், தரவுத்தளத்தைத் தொடாது. சேமித்தே ஆக வேண்டிய இடங்களில் ‘செட்அப்’ இல் இருந்ததை ‘செட்அப்டெஸ்ட்டேட்டா’வுக்கு நகர்த்தினேன். முன்னது ஒவ்வொரு சோதனைக்கும் ஓடும். பின்னது ஒரு வகுப்புக்கு ஒரே முறை. ஒவ்வொரு சோதனையும் செய்த மாற்றங்களை டிரான்சாக்ஷன் திருப்பி எடுத்துவிடுவதால் அடுத்ததற்குத் தரவு பழையபடி கிடைக்கும். ஜாங்கோ 3.2 முதல், அங்கே வைக்கும் பைத்தான் பொருள்களும் சோதனைக்குச் சோதனை தனித்தனியாகவே தரப்படுகின்றன. ஆகவே ஒரு சோதனை விவசாயியின் பெயரை மாற்றினால் அடுத்த சோதனையில் அது தெரியாது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு பூதமும் கிடைத்தது. 74 சோதனைகள் ‘டிரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ்’ வகுப்பிலிருந்து பிறந்திருந்தன. அது மாற்றங்களைத் திருப்பி எடுப்பதில்லை. சோதனை முடிந்ததும் எல்லா அட்டவணைகளையும் காலிசெய்யும். 45 அட்டவணைகள், ஒவ்வொரு சோதனைக்கும். ஏன் அப்படி எழுதினோம் என்று தேடினால், என்றோ ஒருநாள் ஒரு சோதனைக்கு அது தேவைப்பட்டது. அதைப் பார்த்து அடுத்தவர் நகலெடுத்தார், அவரைப் பார்த்து அடுத்தவர். தரவு உறுதியான பிறகு குறுஞ்செய்தி அனுப்பும் நிரலைச் சோதிக்கத்தான் பெரும்பாலும் பயன்பட்டிருந்தது. அதற்கு ‘கேப்சர்ஆன்கமிட்கால்பேக்ஸ்’ என்ற வழி 3.2-லேயே வந்துவிட்டது. 74-இல் இப்போது மிஞ்சியிருப்பது நான்கு.

வெளியே போகாதே, படம் வரையாதே

ரசீதைப் பிடிஎஃப் ஆக்கும் வேலை, தமிழ் எழுத்துரு ஒழுங்காக வர வேண்டும் என்பதால், திரையில்லா பிரவுசர் ஒன்றின் மூலம் நடக்கிறது. ஒரு பிடிஎஃப்புக்கு ஒன்றரை விநாடி. 61 சோதனைகள் ரசீதை உருவாக்கின, எனவே 61 பிடிஎஃப்கள். அவற்றைத் திறந்து பார்த்த சோதனைகள் இரண்டு. மற்ற 59-க்கும் வேண்டியது ரசீதில் எழுதப்பட வேண்டிய எண்கள் மட்டுமே. எண்களைத் தொகுப்பதை ஒரு ஃபங்ஷனாகவும், அதைத் தாளாக்குவதை வேறொன்றாகவும் பிரித்தேன். சோதனைகள் முன்னதோடு நின்றுவிடும்.

வெளி இணையத்தைத் தொடும் சோதனைகள் 23. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம் வெளியிடும் ஆர்எஸ்எஸ் 4 தர ரப்பர் ஷீட்டின் விலையை எங்கள் மென்பொருள் நாள்தோறும் எடுத்துக்கொள்ளும். சோதனையும் அதையே செய்தது. அது யார் குற்றமும் இல்லை, எங்கள் சோம்பல்தான். ஆனி மாத மழையில் எங்கள் இணைப்பு தவித்தால் சோதனையும் தவிக்கும். விலை மாறினால் சோதனை தோற்கும். ஒரு நாளின் பக்கத்தை அப்படியே கோப்பாகச் சேமித்து, சோதனைகள் அதைப் படிக்கும்படி செய்தேன். பிறகு பைடெஸ்ட்சாக்கெட் என்ற செருகுநிரலைப் போட்டு, சோதனையின்போது யார் வெளி இணைப்பைத் திறக்க முயன்றாலும் உடனே தோற்கும்படி பூட்டிவிட்டேன். பூட்டிய அன்றே நாங்கள் அறியாத இன்னும் மூன்று அழைப்புகள் அகப்பட்டன.

கணக்குப் பகுதிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பாலில் நீர் பாதிக்கு மேல். அதில் இருக்கும் உலர் ரப்பரின் சதவீதம்தான் டிஆர்சி. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை முக்கிப் பார்த்தோ, மாதிரியை உலரவைத்து எடைபோட்டோ அதைக் கணிப்பார்கள். ஒருவர் 42.5 கிலோ பால் கொண்டுவருகிறார், டிஆர்சி 34.5 என்று வைத்துக்கொள்வோம். உலர் எடை 14.6625 கிலோ. எங்கள் கடைகளில் மூன்று தசம இடத்தோடு நிறுத்துவார்கள். 14.663-ஆ, 14.662-ஆ? பைத்தானின் டெசிமல் வகை, சரிபாதியில் நிற்கும் எண்ணை இயல்பாக இரட்டைப்படைப் பக்கம் சாய்க்கும், எனவே 14.662 என்னும். கடைக்காரர் தாளில் போட்டால் 14.663. கிலோ 190 ரூபாய் என்றால் வித்தியாசம் 19 காசு. தினமும் பால் கொண்டுவருபவர் 19 காசையும் கவனிப்பார். கவனிக்கவும் வேண்டும்.

இந்த மாதிரி நுணுக்கங்களுக்காக 140 சோதனைகள் வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு கடையை உருவாக்கி, பயனரை உள்நுழைத்து, படிவத்தை அனுப்பி, வந்த பக்கத்தில் தொகையைத் தேடின. கூட்டிப் பெருக்குவதைச் சோதிக்க இவ்வளவு ஊர்வலம் எதற்கு? எடை, டிஆர்சி, விலை ஆகிய மூன்றையும் வாங்கித் தொகையைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனைத் தனியாக எடுத்தேன். அதற்குத் தரவுத்தளம் தெரியாது, பயனர் தெரியாது, ஜாங்கோவே தெரியாது. 140-உம் அதை நேராக அழைக்கின்றன. எல்லாம் சேர்ந்து அரை விநாடிகூட ஆகவில்லை. படிவம் வழியாகப் போகும் சோதனைகள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். கம்பி ஒழுங்காக இணைந்திருக்கிறதா என்று பார்க்க அவை போதும்.

பிரவுசர் சோதனைகள்

38 இருந்தன, பிரவுசரை நிரலால் இயக்கும் செலீனியத்தில். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘மூன்று விநாடி தூங்கு’ என்ற வரி. பக்கம் ஏறுவதற்குள் சோதனை பொத்தானைத் தேடித் தோற்றதால் யாரோ ஒரு விநாடி போட்டார். அவருடைய கணினியைவிட மெதுவான கணினியில் அது போதாமல் இன்னொருவர் மூன்று ஆக்கினார். பக்கம் 200 மில்லிவிநாடியில் வந்தாலும் மூன்று விநாடி உறக்கம். ஒருநாள் நான்கு விநாடி ஆனால் சோதனை தோற்கும். இரண்டு பக்கமும் நட்டம்.

தூங்கு என்ற வரியைத் தேடி அழியுங்கள். அந்த இடத்தில், எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள்: ‘மொத்தத் தொகை என்ற பெட்டி தெரியும்வரை, அதிகபட்சம் 10 விநாடி’. செலீனியத்தில் இதற்கு வெப்டிரைவர்வெயிட் உண்டு. நாங்கள் பிளேரைட்டுக்கு மாறினோம். அது பொத்தானை அழுத்தும் முன், அது கண்ணுக்குத் தெரிகிறதா, அழுத்தத்தக்க நிலையில் இருக்கிறதா என்று தானே பார்த்துக் காத்திருக்கும். உள்நுழைந்த நிலையை ஒரு முறை கோப்பில் சேமித்துவிட்டு எல்லாச் சோதனைகளும் அதிலிருந்தே தொடங்கவும் முடியும்.

ஆனால் பெரிய மிச்சம் அதில் இல்லை, ஆட்குறைப்பில்தான். 38-ஐயும் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இதற்கு பிரவுசர் ஏன் வேண்டும்?’ என்று கேட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதால் என்ற பதில் கிடைத்தவை ஒன்பது. மற்றவை சர்வர் தரும் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்தவை. ஜாங்கோவின் டெஸ்ட்கிளையன்ட் அதை பிரவுசர் இல்லாமலே பார்க்கும். ஆறரை நிமிடமாக இருந்தது 55 விநாடியாகக் குறைந்தது. எங்கள் குழுவில் இளையவன் ஒருவனுக்கு இதில் வருத்தம். அந்த 38-இல் பாதியை அவன்தான் எழுதினான். அழித்ததை எல்லாம் ஒரு கிளையில் பத்திரப்படுத்தியிருக்கிறேன் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். இதுவரை அவன் போய்த் திறந்து பார்க்கவில்லை.

மைக்ரேஷனும் வட்டும்

எங்கள் மைக்ரேஷன்கள் 214. சோதனைத் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் பிறந்து அத்தனையையும் கடந்து வளர்ந்து, வேலை முடிந்ததும் அழியும். ஒரே ஒரு சோதனையை ஓட்டினாலும் 70 விநாடி காத்திருக்க வேண்டும். ஜாங்கோ ஓட்டியில் ‘கீப்டிபி’, பைடெஸ்டில் (பைடெஸ்ட்ஜாங்கோ செருகுநிரலோடு) ‘ரீயூஸ்டிபி’ என்று கொடுத்தால் தரவுத்தளம் அழியாமல் அடுத்த முறைக்கு நிற்கும். பைடெஸ்டில் அப்படி நிற்கவைத்த பிறகு அட்டவணை அமைப்பை மாற்றினால், ஒரு முறை ‘கிரியேட்டிபி’ கொடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். மறந்தால் ‘நெடுவரிசை இல்லை’ என்று திரையில் வரும். அரை மணி நேரம் தலையைச் சொறிவீர்கள். குழுவின் நிரல் எல்லாம் சேர்த்துச் சோதிக்கப்படும் பொதுச் சர்வரில் மட்டும் மைக்ரேஷன்கள் முழுமையாக ஓடட்டும். அவையும் சோதிக்கப்பட வேண்டியவைதானே.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் உறுதியாக எழுதிய பிறகே முடிந்தது என்று சொல்லும். சோதனைத் தரவுக்கு அந்த அக்கறை வீண். ‘எஃப்சிங்க்’, ‘சிங்க்ரனஸ்கமிட்’, ‘ஃபுல்பேஜ்ரைட்ஸ்’ மூன்றையும் அணைத்துவிட்டு, தரவுத்தளத்தைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கரில் தரவுக் கோப்புறையை வட்டில் வைக்காமல் டெம்ப்எஃப்எஸ் மூலம் நினைவகத்திலேயே வையுங்கள். எங்களுக்கு அரை நிமிடம் மிச்சமானது.

ஆனால் எந்தப் போஸ்ட்கிரெஸில் அணைக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். எங்களில் ஒருவர் டாக்கர் கோப்பில் எழுத வேண்டியதை மூலையிலிருக்கும் மேசைக்கணினியின் பொது அமைப்பில் எழுதிவிட்டார். அதில்தான் நாங்கள் நால்வரும் பயன்படுத்தும் மாதிரித் தரவுத்தளம் இருந்தது. இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் மாலை காற்றும் மழையும் சேர்ந்து அடித்தபோது மின்சாரம் போனது, இன்வெர்ட்டரின் பேட்டரியில் தண்ணீர் வற்றியிருந்தது, கணினி அணைந்தது. மறுநாள் தரவுத்தளம் எழவில்லை. வாடிக்கையாளர்களின் பெயர்களை மாற்றிச் சேர்த்து வைத்திருந்த மாதிரித் தரவு, ஒரு வார உழைப்பு, மழையோடு போயிற்று. வாடிக்கையாளரின் தரவு வேறிடத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

இந்த இடத்தில் பலர் ‘போஸ்ட்கிரெஸை விட்டுவிட்டுச் சோதனைக்கு மட்டும் நினைவகத்தில் எஸ்கியூலைட் வைத்தால் என்ன?’ என்று கேட்பார்கள். வேகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எஸ்கியூலைட்டுக்குத் தசம எண்ணுக்கென்று சொந்த வகை கிடையாது. ஒரு வரியைப் பூட்டிவைக்கும் ‘செலக்ட்ஃபார்அப்டேட்’ அங்கே எதையும் செய்யாது, பிழையும் சொல்லாது. 19 காசுக்கும் முன்பணத்துக்கும் பதில்சொல்ல வேண்டிய மென்பொருளுக்கு அந்த வேகம் வேண்டாம்.

கடைசியில்தான் இணையாக ஓட்டுவது

வேகம் என்றதும் எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். 22 நிமிடத்தை நான்காகப் பிரித்திருந்தால் ஆறு நிமிடம் வந்திருக்கும், அதோடு மகிழ்ந்து நின்றிருப்போம். வீண்செலவு எல்லாம் உள்ளேயே பத்திரமாக இருந்திருக்கும்.

இணையாக ஓட்டும் முன் வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள். பைடெஸ்ட்ரேண்டம்லி அதைச் செய்யும்; ஜாங்கோ 4.0 முதல் ‘ஷஃபிள்’ என்ற விருப்பமும் உண்டு. ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கும் சோதனைகள் உடனே விழும். எங்களுக்கு 17 விழுந்தன. அவற்றைச் சரிசெய்த பிறகு எக்ஸ்டிஸ்ட் செருகுநிரலில் நான்கு புராசஸ் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளத்தைப் பைடெஸ்ட்ஜாங்கோ செருகுநிரலே ஏற்பாடு செய்யும். தரவுத்தளம் தனி, மற்றவை தனி அல்ல என்பதுதான் சிக்கல். நான்கும் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் ரசீதை எழுதி ஒன்றையொன்று அழித்தன. பைடெஸ்ட் தரும் தற்காலிகக் கோப்புறைக்கு மாற்றினேன். நான்கும் ரெடிஸ் என்ற ஒரே தற்காலிகச் சேமிப்பில் (கேஷ்) அன்றைய விலையைப் போட்டு எடுத்தன. சோதனை செட்டிங்ஸில் கேஷை அந்தந்த புராசஸின் நினைவகத்துக்கே மாற்றினேன்.

எட்டு கொடுத்தும் பார்த்தேன். நான்கு கோர் உள்ள என் மடிக்கணினியில் அது நான்கைவிட மெதுவாக ஓடியது, விசிறி மட்டும் முப்பந்தல் காற்றாலை மாதிரி சுற்றியது.

அன்றாடம்

1 நிமிடம் 5 விநாடியைக்கூட ஒவ்வொரு முறையும் செலவிட வேண்டியதில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது ‘கடைசியில் தோற்றவை மட்டும்’ என்ற எல்எஃப் விருப்பத்தையும், முதல் தோல்வியிலேயே நிறுத்தும் எக்ஸ் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுகிறேன். பெரும்பாலும் மூன்று நான்கு விநாடி. பிரவுசர் சோதனைகளுக்குத் தனிக் குறி போட்டுப் பிரித்திருக்கிறோம். சர்வருக்கு அனுப்பும் முன் மட்டும் அவை சேர்ந்துகொள்ளும். பொதுச் சர்வரில் நூலகங்களை ஒவ்வொரு முறையும் இறக்காமல் கேஷில் வைப்பது போன்றவற்றை உங்கள் சேவையின் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மொத்த நேரத்தையும் மிக மெதுவான பத்துச் சோதனைகளையும் அதில் எழுத வேண்டும். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் அன்று புதிய வேலை இல்லை.

அந்தப் பத்தில் முதலிடம் மாறாமல் ஒன்றுக்குத்தான். மிஞ்சிய நான்கு டிரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ்களில் அது ஒன்று. இரண்டு திரெட்கள் ஒரே நொடியில் ஒரே ஆளின் கணக்கைத் திறந்து முன்பணத்தைக் கழிக்க முயலும். போஸ்ட்கிரெஸ் ஒன்றைப் பூட்டின் வெளியே நிற்கவைக்க வேண்டும். முடிவில் ஒரு முறைதான் கழிந்திருக்க வேண்டும். 3.2 விநாடி பிடிக்கிறது. இளையவன் அதை இரண்டாகக் குறைக்கட்டுமா என்று போன மாதம் கேட்டான். அதைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.